குளிர்ந்த கடற்கரை ஒயினை ருசிப்பது எப்படி: புளிப்பிலிருந்து தொடங்குங்கள்

சின்ன ஒயினரி ஒன்றின் சுவைப்பு அறையில் ஒயின் ஊற்றிக் கொடுத்து, அதைப் பற்றி எடுத்துச் சொல்வது என் வேலை. அறுவடை நேரத்தில் பின்கட்டுக்குப் போய்க் குலை பொறுக்குவேன், பீப்பாய் கழுவுவேன். தோட்டம் கடலைப் பார்த்த சரிவில் இருக்கிறது. மத்தியானம் தாண்டிவிட்டால் காற்று தலையிலிருக்கும் தொப்பியைப் பிடுங்கும். வருகிறவர்கள் முதல் மடக்கு உள்ளே போனதும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “என்னங்க, புளிக்குதே?”

ஆமாம், புளிக்கும். அதைக் குறை என்று நினைத்துக் கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டால் இந்த ஒயின் பிடிபடவே பிடிபடாது. பாட்டுக்குச் சுருதி எப்படியோ, குளிர்ந்த கடற்கரை ஒயினுக்குப் புளிப்பு அப்படி. முதலில் அதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழம், மலர், மரம், மிளகு எல்லாம் அதன் மேல்தான் ஏறி உட்கார்கின்றன. வெயில் நாட்டுக் கனத்த சிவப்பு ஒயினையோ இனிப்பு ஒயினையோ குடித்துப் பழகி, இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ருசி பார்ப்பதற்கு விழுங்க வேண்டிய அவசியமே இல்லை. நாங்கள் வேலை நேரத்தில் துப்பிக்கொண்டுதான் இருப்போம். சட்டப்படி வயது வராதவர்கள், கர்ப்பிணிகள், மதுவோடு ஒத்துப்போகாத மருந்து எடுப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். வண்டி ஓட்டப் போகிறவர் துப்புவதைவிட அன்றைக்குக் குடிக்காமலே இருப்பது நல்லது.

கடல் எப்படிக் குளிர்விக்கிறது

கடலோரம் என்றால் வெக்கையும் பிசுபிசுப்பும் என்றுதான் பலருக்கும் நினைப்பு. குளிர்ந்த ஒயின் கடற்கரைகள் பலவற்றின் ஓரமாகக் குளிர் நீரோட்டம் ஓடுகிறது. கலிபோர்னியாவில் கலிபோர்னியா நீரோட்டம், சிலியில் ஹம்போல்ட் நீரோட்டம், தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் பெங்குவேலா நீரோட்டம். உள்நாட்டு நிலம் வெயிலில் காய்ந்து அங்குள்ள காற்று மேலெழும்பும்போது, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கூடவே மூடுபனியும் வரும். காலையில் வெயில் ஏற நேரமாகும், மாலையில் காற்று வந்து சூட்டை இறக்கிவிடும்.

எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் திறப்பு என்பதை வைத்துத்தான் எவ்வளவு குளிர் உள்ளே வரும் என்று முடிவாகும். அமெரிக்க மேற்குக் கரையின் மலைத்தொடர்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காகக் கிடக்கின்றன. சாண்டா பார்பரா பக்கம் மட்டும் அவை கிழக்கு மேற்காகத் திரும்பிக்கொள்கின்றன. அதனால் பசிபிக்கின் காற்று தடுப்பாரின்றி உள்ளே நுழைகிறது. இதைக் கவனித்துத்தான் ரிச்சர்ட் சான்ஃபோர்டும் மைக்கேல் பெனடிக்டும் 1971-இல் அங்கே கொடி நட்டார்கள். இன்று அந்தப் பகுதிக்கு ஸ்டா. ரீட்டா ஹில்ஸ் என்று பெயர். சிலியின் காசாபிளாங்கா பள்ளத்தாக்கில் 1982-இல் முதலில் துணிந்து நட்டவர் பாப்லோ மொராண்டே. தென்னாப்பிரிக்காவில் வாக்கர் பே கடலை ஒட்டிய ஹெமல்-என்-ஆர்டே பள்ளத்தாக்கில் டிம் ஹாமில்டன் ரஸ்ஸல் நிலம் வாங்கியது 1975-இல். இவர்கள் எல்லாருமே சூடு குறைந்த இடத்தைத் தேடிப் போனவர்கள்.

குளிருக்கும் புளிப்புக்கும் உள்ள உறவு இதுதான். திராட்சையில் முக்கியமான அமிலங்கள் இரண்டு: டார்டாரிக், மாலிக். பழுக்கும் பழம் சுவாசிக்கிறது. அந்தச் சுவாசத்துக்கு மாலிக் அமிலத்தைச் செலவழிக்கிறது. வெயில் ஏற ஏறச் செலவும் கூடும். குளிர்ந்த இடத்தில் மெதுவாகச் செலவாகி, அறுவடை நாளில் மீதி நிறைய நிற்கும். சர்க்கரையும் நிதானமாகத்தான் ஏறும். ஆகவே பழத்தில் மணம் கூடி வருவதற்கு அவகாசம் கிடைக்கிறது. ஒயினில் ஆல்கஹாலும் எல்லை மீறுவதில்லை.

எது குளிர்ந்த இடம் என்று அளக்க வழி உண்டு. கலிபோர்னியாவில் அமெரைன், விங்க்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1944-இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அதிகம் பேசப்படுவது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு நாளும் சராசரி வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் எத்தனை டிகிரி போகிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை சுமார் 1,390-க்குள் நின்றால் அது முதல் மண்டலம், இருப்பதிலேயே குளிர்ந்தது. ஆனால் இந்தக் கணக்கில் காற்று வராது. பலத்த காற்றில் கொடியின் இலைகள் தம் துளைகளை மூடிக்கொள்கின்றன, உணவு தயாரிப்பு நின்றுபோகிறது. வெப்பமானி ஒரே எண்ணைக் காட்டினாலும் காற்றடிக்கும் சரிவில் பழம் தாமதமாகத்தான் பழுக்கும்.

லேபிளைப் படிக்கும்போது

பெயரில் ‘கோஸ்ட்’ என்று இருப்பதாலேயே குளிர்ந்த இடம் என்று நம்பிவிடாதீர்கள். கலிபோர்னியாவின் சோனோமா கோஸ்ட் நல்ல உதாரணம். லேபிளில் அந்தப் பெயரைப் போடக்கூடிய பகுதியின் எல்லையை 1987-இல் மிக அகலமாக வரைந்தார்கள். கடலே தெரியாத உள்நாட்டுப் பகுதிகளும் அதற்குள் வந்துவிட்டன. கடலை ஒட்டிய முகடுகளில் பயிர் செய்தவர்கள் தங்களுக்குத் தனி எல்லை கேட்டு வாதாடி, ஃபோர்ட் ராஸ்-சீவியூ 2012-இலும் வெஸ்ட் சோனோமா கோஸ்ட் 2022-இலும் நடைமுறைக்கு வந்தன. ஃபோர்ட் ராஸ்-சீவியூவின் தோட்டங்கள் பெரும்பாலும் 900 அடிக்கு மேலே, மூடுபனியின் தலைக்கு மேல் நிற்பவை. கீழே வெள்ளைப் பஞ்சாகப் பனி கிடக்க, மேலே வெயிலும் குளிர்ந்த காற்றும். எல்லை எவ்வளவு சிறிதோ, பெயர் அவ்வளவு நம்பத்தகுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தோட்டத்தின் பெயர். அமெரிக்க விதிப்படி ஒரு தோட்டத்தின் பெயரை லேபிளில் போட்டால் 95 சதவீதத் திராட்சை அங்கிருந்து வந்திருக்க வேண்டும். திராட்சை ரகத்தின் பெயருக்கு 75 சதவீதம் போதும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் ரகத்துக்கு 85 சதவீதம். சிறிய ஒயினரியைத் தேடிப் போகிறீர்கள் என்றால் தோட்டப் பெயர் போட்ட பாட்டிலையே எடுங்கள். பல இடத்துத் திராட்சையைக் கலந்து செய்த பாட்டிலும் நன்றாக இருக்கலாம். ஆனால் இந்தக் கடற்கரை எப்படி ருசிக்கிறது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

ஆல்கஹால் அளவையும் பார்த்துவிடுங்கள். குளிர்ந்த கடற்கரை ஒயின் பெரும்பாலும் 12 முதல் 13.5 சதவீதத்துக்குள் நிற்கும். 14.5 என்று போட்டிருந்தால், இடம் குளிர்ந்ததாகவே இருந்தாலும் பழத்தை நன்றாக முற்றவிட்டுப் பறித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் இந்த எண் அச்சுப்பிசகாத எண் அல்ல. அமெரிக்காவில் 14 சதவீதம் வரையுள்ள ஒயினுக்கு ஒன்றரைப் புள்ளி முன்னே பின்னே இருக்க விதி இடம் கொடுக்கிறது.

அறுவடை ஆண்டு இங்கே மற்ற எந்த இடத்தையும்விட முக்கியம். வெயில் நாட்டில் ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். கடலோரத்தில், கொடி பூக்கும் வாரத்தில் குளிரும் காற்றும் மழையும் சேர்ந்துகொண்டால் பூ கொட்டிப்போகும். பிடித்த பூவிலும் பாதி சரியாகக் காய்க்காது. அப்படிப்பட்ட வருடத்தில் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் ரகத்தின் குலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஒரே காம்பில் கோலிக்குண்டு அளவுப் பழமும் மிளகு அளவுப் பழமும் கலந்து தொங்கும். மிளகு அளவுப் பழத்தில் விதை இருக்காது, சாறும் துளிதான், ஆனால் அந்தச் சாற்றுக்குத் தோல் அதிகம். தரம் பிரிக்கும் மேசையில் அந்தக் குலைகள் வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே வரும். ஒயின் அடர்த்தியாக வரும் என்ற மகிழ்ச்சி, பீப்பாய் நிறையாது என்ற கவலை. 225 லிட்டர் பீப்பாய் ஒன்றில் 300 பாட்டில்தான் கிடைக்கும். சின்ன ஒயினரியில் ஒரு தோட்டத்து ஒயின் சில பீப்பாய்களோடு முடிந்துவிடும். இரண்டு பீப்பாய் குறைந்தால் அது பெரிய இழப்பு.

அதனால் ஒயினரிக்கு நேரில் போனால் “எத்தனை மாதம் பீப்பாயில் வைத்தீர்கள்” என்பதை அப்புறம் கேளுங்கள். “அந்த வருடம் பூக்கும்போது வானிலை எப்படி இருந்தது?” என்று முதலில் கேளுங்கள். கொடியோடு வாழ்கிறவர் யாராக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்து பதில் சொல்வார். அந்தப் பதிலிலேயே ஒயினின் பாதி விளக்கம் வந்துவிடும். இன்னொன்று, வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் மூக்கு அடைத்துவிடும். சின்ன இடங்களில் ஊற்றிக் கொடுப்பவரே டிராக்டரும் ஓட்டுபவராக இருக்கலாம், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

எவ்வளவு குளிராக

வீட்டில் இந்த ஒயின்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஃபிரிட்ஜில்தான். நேரே 4 டிகிரியிலிருந்து எடுத்து ஊற்றினால் மணம் எழும்பாது. மணம் இல்லாதபோது மிஞ்சுவது புளிப்பும் குளிர்ச்சியும் மட்டும். அப்போது “புளிக்குதே” என்பதில் நியாயம் இருக்கிறது.

சோவினியோன் பிளாங்க், ரீஸ்லிங், அல்பரீனோ போன்ற மெல்லிய வெள்ளை ஒயின்களுக்கு 8 முதல் 10 டிகிரி. கொஞ்சம் கனத்த வெள்ளையான ஷார்டனேவுக்கு 11 முதல் 13. பினோ நுவாருக்கு 14 முதல் 16. சிரா என்ற இன்னொரு சிவப்பு ரகத்துக்கு, குளிர்ப்பிரதேசத்தில் விளைந்ததென்றால், 16. வெப்பமானி இல்லாவிட்டால் இப்படிச் செய்யுங்கள்: மெல்லிய வெள்ளையைக் குடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள், ஷார்டனேவை அரை மணி நேரம் முன்னால். சிவப்பைக் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்தைப் பினோ விஷயத்தில் மறந்துவிடுங்கள். 25 டிகிரியில் அதன் ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும், பழம் தளர்ந்துபோகும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வாய்ப்பக்கம் கொஞ்சம் குறுகிய, காம்புள்ள கண்ணாடிக் கிளாஸ் எதுவானாலும் சரி. ரகத்துக்கு ஒரு கிளாஸ் வாங்க வேண்டியதில்லை.

வாயில் என்ன கவனிப்பது

முதலில் கிளாஸைச் சுழற்றாமல் முகர்ந்து பாருங்கள். சட்டென்று எழும்பும் மெல்லிய மணங்கள் அதில் இருக்கும். பிறகு சுழற்றி முகருங்கள். மணத்துக்கு உடனே பெயர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பச்சையா பழுத்ததா, புதிதா காய்ந்ததா என்ற இரண்டு கேள்விகள் போதும்.

இப்போது ஒரு சின்ன மடக்கு. பல்லைச் சுற்றி, நாக்குக்கு அடியில், எல்லாப் பக்கமும் ஓடவிட்டுத் துப்புங்கள். வாயை மூடிக்கொண்டு தலையைக் கொஞ்சம் முன்னால் குனியுங்கள். தாடையின் இரண்டு ஓரங்களிலிருந்தும் எச்சில் ஊறி வரும். எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு நேரம் ஊறிக்கொண்டே இருக்கிறது என்று கவனியுங்கள். புளிப்பின் அளவுகோல் அதுதான். நாக்கில் உறைக்கும் கூர்மையை நம்பாதீர்கள், கொஞ்சம் சர்க்கரை மீந்திருந்தாலே அது ஏமாற்றிவிடும். எச்சில் ஏமாற்றாது. தொண்டையில் சூடு தெரிந்தால் அது ஆல்கஹால். ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுத்தால் அது துவர்ப்பு, தோலிலிருந்தும் விதையிலிருந்தும் காம்பிலிருந்தும் வரும் டானின். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து உணர்ந்துவிட்டால் கடினமான பகுதி முடிந்தது.

புளிப்பிலும் இரண்டு வகை உண்டு. பழுக்காத பழத்தின் புளிப்பு முன்னாலேயே குத்திவிட்டு நின்றுபோகும், அதன் பின்னால் எதுவும் வராது. பழுத்த பழத்தில் மீந்த புளிப்போ நாக்கின் நடுவில் ஏறி, பழத்தின் சுவையையும் கூட்டிக்கொண்டு பின்னால் நீளும். துப்பிய பிறகும் சுவை நிற்கிறதா என்று பாருங்கள். மோசமான வருடத்தில் அவசரமாகப் பறித்த ஒயினையும் நல்ல கடற்கரை ஒயினையும் நான் பிரித்தறிவது இந்த ஒரு இடத்தில்தான்.

சோவினியோன் பிளாங்க்கைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. குடைமிளகாய், நறுக்கிய புல், தக்காளி இலை போன்ற பச்சை மணம் வந்தால் அது மெத்தாக்ஸிபைரசின் என்ற பொருளின் வேலை. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். குலையில் வெயில் பட்டால் அது குறையும். அதனால்தான் காலை வெயில் விழும் பக்கத்து இலைகளைக் கிள்ளிவிடுகிறோம். கொஞ்சம் பச்சை இருப்பது அழகு. பச்சை மட்டுமே இருந்தால் பழம் பழுக்கவில்லை.

ஷார்டனே தோட்டத்தைவிட அதைச் செய்தவரை அதிகம் காட்டிக்கொடுக்கும். ஆல்கஹால் நொதித்தல் முடிந்த பிறகு, ஓயினோகாக்கஸ் ஓயினி என்ற பாக்டீரியா மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். அப்போது உண்டாகும் டைஅசெட்டைல் என்ற பொருள்தான் வெண்ணெய் மணம் தருகிறது. புளிப்பு மிக அதிகமான இடத்தில் இந்த மாற்றத்தை முழுதாக நடக்கவிடுவார்கள், நடந்தும்கூடப் புளிப்பு மிஞ்சும். நொதித்து முடிந்த ஈஸ்ட் அடியில் மண்டியாகத் தங்கும். அதன் மேலேயே மாதக்கணக்கில் வைத்திருந்தால் ரொட்டி, கொட்டைப்பருப்பு போன்ற மணம் சேரும். தீக்குச்சி கிழித்தது போன்ற மெல்லிய கந்தக மணம் வந்தால் பயப்படாதீர்கள், பலர் வேண்டுமென்றே அதற்கு இடம் கொடுக்கிறார்கள். புதிய பீப்பாய் மரத்தின் வனிலா வாசம் மட்டும் தூக்கலாக நின்றால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தச் சரிவு வருடம் முழுக்கக் காற்றில் நின்று சேர்த்ததை மரம் மூடிவிடுகிறது.

ஒரு கிளாஸ் கடற்கரை ஷார்டனேவை ஊற்றி மேசையில் வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டும் முகர்ந்து பாருங்கள். முதலில் எலுமிச்சைத் தோல், கொஞ்சம் கந்தகம், அவ்வளவுதான். கிளாஸின் வெளிப்புறம் கோத்திருந்த ஈரம் காயும் நேரத்தில் பச்சை ஆப்பிள் வந்திருக்கும். அரை மணி நேரத்தில் ஆப்பிள் பழுத்து, பேரிக்காய்ப் பக்கம் சாயும். பிறகு வறுத்த பாதாம். மூக்கை எடுத்த பிறகும் உப்புக் காற்று போல ஒன்று நிற்கும். இந்த வரிசையைப் பார்த்தவர்கள் அடுத்த முறை ஒரே மூச்சில் கிளாஸைக் காலி செய்வதில்லை.

உப்பைப் பற்றிக் கேட்காத விருந்தாளி இல்லை. பாறையின் தாதுக்களைக் கொடியின் வேர் உறிஞ்சி அப்படியே ருசியாகக் கிளாஸில் சேர்க்கிறது என்பதை அறிவியல் ஏற்பதில்லை. உப்பு போன்ற அந்த உணர்வு என்னவோ உண்மை. புளிப்பும் குறைந்த இனிப்பும் கந்தகச் சேர்மங்களும் அதில் பங்கெடுக்கலாம். “உப்பாக இருக்கிறது” என்று தயங்காமல் சொல்லுங்கள், ஆனால் கல்லைக் காரணம் காட்டாதீர்கள்.

இனி பினோ நுவார். “ரொம்ப வெளிறிப்போய் இருக்கே, தண்ணி கலந்ததா?” என்று கேட்பார்கள். பினோவின் தோல் மெல்லியது, நிறமியும் குறைவு. கிளாஸுக்குப் பின்னால் பிடித்த விரல் தெரிவதுதான் அதன் இயல்பு. நிறத்தை வைத்து எடை போட்டால் உலகின் சிறந்த சிவப்பு ஒயின்கள் பலவற்றைத் தவறவிட்டுவிடுவோம். இதில் பார்க்க வேண்டியது மணமும், துவர்ப்பின் நயமும். குளிர்ந்த வருடத்தில் சிவப்புச் செர்ரி, மாதுளை. வெயில் வருடத்தில் கறுப்புச் செர்ரி. காம்பைக் களையாமல் முழுக் குலையாகவே நொதிக்க வைத்திருந்தால் காய்ந்த இலையும் ரோஜாவும் கலந்த மணம் வரும், துவர்ப்பு கொஞ்சம் முறுக்காக இருக்கும். அதை எல்லாருக்கும் பிடிக்காது. எனக்கு மிகவும் பிடிக்கும், காம்பும் நன்றாகப் பழுத்த வருடங்களில் மட்டும். பழுக்காத காம்பின் கசப்பு ஒயினில் ஏறிவிட்டால் எத்தனை வருடம் வைத்தாலும் இறங்காது.

சிரா கடலோரத்தில் வேறு ஆள் ஆகிவிடும். வெயில் நாட்டில் ஜாமும் சாக்லேட்டும், இங்கே கருமிளகும் ஊதாப்பூவும். மிளகிலும் இந்த ஒயினிலும் இருக்கும் பொருள் ஒன்றேதான், ரோட்டண்டோன். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் அதை அடையாளம் கண்டார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் சோதித்த அதிகபட்ச அளவிலும் தெரியவில்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவர் மிளகு மிளகு என்று சொல்ல, உங்களுக்கு எதுவும் வராவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வரிசையைப் பற்றி ஒன்று. வெள்ளை முதலில், சிவப்பு பிறகு என்பதுதான் வழக்கம். பிரான்சின் பர்கண்டியில் பல நிலவறைகளில் பினோவை முதலில் ஊற்றி ஷார்டனேவைப் பிறகு ஊற்றுவார்கள். புளிப்பு தூக்கலான ஷார்டனேவைக் குடித்த நாக்குக்குப் பினோ மெலிந்து தெரியும் என்பது காரணம். வீட்டில் இரண்டையும் திறந்தால் இந்த வரிசையில் ஒரு முறை குடித்துப் பாருங்கள். நான் இப்போது இப்படித்தான் ஊற்றுகிறேன்.

ஒரு பாட்டில், மூன்று மாலை

கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் பயிற்சி இது ஒன்றுதான். ஒரு பாட்டிலை ஒரே மாலையில் முடிக்காதீர்கள். 750 மில்லியில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் இருக்கிறது. முதல் மாலை ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டு, கார்க்கையோ திருகு மூடியையோ உடனே இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் நிற்க வையுங்கள், சிவப்பாக இருந்தாலும். இரண்டாம் மாலை ஒரு கிளாஸ், மூன்றாம் மாலை ஒன்று. நீங்கள் இரண்டு பேர் என்றால் மூன்றாம் மாலை மீதியைப் பங்கு போட வேண்டிவரும்.

நல்ல கடற்கரை ஒயின் இரண்டாம் நாள்தான் வாயைத் திறக்கும். முதல் நாள் இறுகிக் கிடந்த ஷார்டனே விரியும், பினோவில் காட்டு மணம் வரும். புளிப்பு அதிகமுள்ள, அதாவது பி.ஹெச். குறைந்த ஒயினில் கிருமிகள் எளிதில் பெருகாது, கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகமும் அங்கே திறமையாக வேலை செய்கிறது. அதனால் அது திறந்த பின்னும் தாங்குகிறது. மூன்றாம் நாளும் நிமிர்ந்து நின்றால் அதே ஒயினை இன்னும் இரண்டு பாட்டில் வாங்கி வைக்கலாம் என்று அர்த்தம். இரண்டாம் நாளே தளர்ந்துவிட்டால் இருப்பதைச் சீக்கிரம் குடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு மாலையும் மூன்று வரி எழுதுங்கள்: எச்சில் எவ்வளவு ஊறியது, முதலில் வந்த மணம் எது, துப்பிய பின் எது நின்றது. மதிப்பெண் போட வேண்டாம். இந்தப் பயிற்சி பழகிய பிறகு, அதே ஒயினரியின், அதே தோட்டத்தின், அடுத்தடுத்த இரண்டு வருட பாட்டில்களை அருகருகே திறந்து இதையே செய்யுங்கள். வெயில் வருடத்தையும் குளிர்ந்த வருடத்தையும் நாக்கு தானே சொல்லிவிடும். வெவ்வேறு நாட்டு ஒயின்களை ஒப்பிடுவதைவிட இதில் கற்பது அதிகம், ஏனென்றால் மாறியது வானிலை மட்டும்தான்.

கெட்டதும், கெடாததும்

பாட்டிலின் அடியிலோ கார்க்கின் நுனியிலோ கண்ணாடித் துகள் போல மின்னினால் அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. குளிரில் படியும், தீங்கு கிடையாது. பல சின்ன ஒயினரிகளில் முன்கூட்டியே குளிரவைத்து அந்த உப்பைப் பிரித்தெடுப்பதில்லை என்பதால் அடிக்கடி பார்ப்பீர்கள். நிற்க வைத்து மெதுவாக ஊற்றினால் போதும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை வேறு விஷயம். கார்க்கிலிருந்து வரும் டி.சி.ஏ. என்ற சேர்மம் அது. லேசாக இருக்கும்போது வாடையாகவே தெரியாமல், பழத்தை மட்டும் அழுத்திவிடும். காற்று பட்டாலும் போகாது, நேரமாக ஆகக் கூடுவது போலத்தான் தெரியும். தயங்காமல் திருப்பிக் கொடுங்கள், நேர்மையான எந்த ஒயினரியும் மாற்றித் தரும். அழுகிய முட்டை வாடை என்றால் அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள். திருகு மூடி போட்ட பாட்டில்களில் இது அவ்வப்போது வரும். வாயகன்ற ஜாடியில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டால் பல நேரங்களில் கால் மணி நேரத்தில் விலகிவிடும். நெயில் பாலிஷ் அகற்றும் திரவம் போலக் குத்தினால், அல்லது இளம் வெள்ளை ஒயின் பழுப்பு நிறத்துக்கு மாறியிருந்தால் அது திரும்பி வராது.

எடுத்து வைப்பது

12 முதல் 14 டிகிரி, இருட்டு, அசைவில்லாத இடம். இந்த மூன்றில் முக்கியமானது வெப்பம் ஏறி இறங்காமல் இருப்பது. அடுப்புக்கு மேலிருக்கும் அலமாரிதான் வீட்டிலேயே மோசமான இடம். குளிர்ந்த இடம் வேறு இல்லை என்றால் வெள்ளை, சிவப்பு இரண்டையும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம், சில மாதங்களுக்கு ஒன்றும் ஆகாது. கார்க் போட்டதைப் படுக்க வையுங்கள், திருகு மூடிக்கு எப்படி வைத்தாலும் சரி.

சோவினியோன் பிளாங்க் பெரும்பாலும் மூன்று வருடத்துக்குள் குடிக்க வேண்டியது. நல்ல தோட்டத்து ஷார்டனே ஐந்திலிருந்து எட்டு வருடம் தாங்கும். பினோவும் சிராவும் பத்து வரை போகலாம், ஆனால் பினோ நடுவில் ஒன்றிரண்டு வருடம் ஊமையாகிவிடுவது உண்டு. அப்போது திறந்துவிட்டால் மூன்று மாலைப் பயிற்சியின் இரண்டாம் நாள்வரை பொறுங்கள். அதனால்தான் எந்த ஒயின் பிடித்தாலும் ஒற்றை பாட்டிலாக வாங்க வேண்டாம் என்று சொல்வேன். மூன்று வாங்குங்கள்: ஒன்று இப்போதைக்கு, ஒன்று மூன்று வருடம் கழித்து, மூன்றாவதை எப்போது திறப்பது என்பதை இரண்டாவது பாட்டிலைக் குடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாங்கிய மாதத்தை ஒரு சீட்டில் எழுதிக் கழுத்தில் கட்டி வைத்தால் தேடும்போது வேலை மிச்சம்.